தானாக இறுகும் கம்பி

“அவருக்குப் பிடிக்கலை போலிருக்கு. விட்டுடுங்களேன்,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர். இறந்து நான்கு வருஷமாகிறது. இப்போது இரண்டாவது கணவரின் மடியில் கிடக்கும் கிட்டார் அவர் விட்டுப்போனதுதான். அவர் வாசித்த காலத்திலிருந்தே அது கரகரக்கும்.

இரண்டாவது கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டையே கிளப்பிவிடுகிற மனிதருக்கு இந்த மரப்பெட்டி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

கிட்டாரின் கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை அளவுக்கு மேல் இறுக்கினால் கழுத்து பின்பக்கம் வளையும், தந்திகள் அதில் உரசிக் கரகரக்கும். நடு ஓட்டைக்குள் திருகும் சாவியை விட்டு லேசாகத் தளர்த்தினால் போதும். போன ஞாயிற்றுக்கிழமை தளர்த்தினார், சத்தமும் சுத்தமானது.

அன்றைக்கு மனைவி டீயோடு வந்து பக்கத்திலேயே நின்றாள். “எந்தப் பக்கம் திருப்பினா இறுகும்?” என்றுகூடக் கேட்டாள். கல்யாணமான பிறகு அவருடைய வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வலப்பக்கம் என்று திருப்பியே காட்டினார்.

மறுநாள் காலையில் கரகரப்பு திரும்பி வந்துவிட்டது. ஈரக்காற்றில் மரம் ஊதியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி தளர்த்தினார். அடுத்த நாளும் அதே கதை. இன்றைக்கும்.

கம்பி தானாக இறுகாது என்று அவருக்குத் தெரியும். கிட்டார் மாட்டியிருக்கும் சுவரைத் தாண்டும்போதெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது, அதை வெளியே சொல்லவும் வெட்கம்.

பேயைச் சந்தேகிப்பதைவிடப் பிள்ளையைச் சந்தேகிப்பது சுலபம். மனைவியின் மகளைக் கூப்பிட்டார். பதினைந்து வயது, இன்னும் அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

“நீதானே திருப்பி வைக்கிறே? உங்கப்பா சாமானை நான் தொடறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடும்மா. கோவிச்சுக்க மாட்டேன்.”

“ஐயோ அங்கிள், சரிபண்ணித் தாங்கன்னு உங்ககிட்ட கேட்டதே நான்தானே! இந்தச் சத்தத்தோட கிளாசுக்குப் போனா எல்லாரும் சிரிக்கிறாங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “நிஜமாவே அப்பாதான் வர்றாரா?”

அவள் நடிக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த வீட்டில் ஒரு நாற்காலியை இடம் மாற்றவும் யோசிக்கிறவர் அவர். தனக்கென்று ஒரு மூலை கிடைக்காதா என்று காத்திருக்கிறவர், செத்தவரோடு எப்படி மல்லுக்கட்டுவார்?

“போதும். இதை யாருக்காவது கொடுத்துடலாம். உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன், கிளம்பு.”

பெண் துள்ளிக் குதித்துச் செருப்பை மாட்டப் போனாள்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள் மனைவி. அவர் மடியிலிருந்த கிட்டாரைப் பிடுங்கி, மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“நான்தாங்க இறுக்கினேன்... கரகரன்னு கேட்டாத்தான் அவரு வீட்ல இருக்காரு.”