பின்சீட்டு

நான் தேற்றிக் கொடுத்த தெருநாயைத் தத்தெடுத்துப் போன கோகுலநாதன், நாலே மாதத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “வீட்டுக்குக் குழந்தை வரப்போகுது மேடம். உங்களுக்கென்ன, பத்தோட பதினொண்ணு. காலரை மட்டும் கழட்டிக் குடுங்க, தங்கச்சி வீட்டு நாய்க்கு ஆகும்.” கழற்றி அவர் மூஞ்சியில் விட்டெறிந்தேன். “வெளிய போய்யா!” அவர் கார்க் கதவைத் திறந்ததும் நாய் பாய்ந்தது. வெறுங்கழுத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று இதே காரில் ஏறமாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்ற நாய். “போடா, இனிமே அதான் உன் வீடு” என்று உள்ளே திணித்தவள் நான். கோகுலநாதன் கதவைப் பிடித்தபடி நின்றார். “இறக்கிவிடுங்க மேடம். நீங்க சொன்னாத்தான் கேக்கும்.”