விமலேஸ்வரி கிணற்றில் எண்ணெய்

பெற்றோலுக்கு நாயாய் அலைகிற பொருளாதாரத் தடைக்காலத்தில் விமலேஸ்வரியின் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறதென்றால் மல்லாவிச் சனம் வீட்டில் இருக்குமா? கிணற்றடி நிறைந்துவிட்டது. வாளித் தண்ணீரின் மேல் வெயில் பட்டு மயில்கழுத்து நிறம் நெளிகிறது. குவைத்தில் எண்ணெய் துளைக்கும் கம்பனியில் இருந்த முத்துலிங்கம் விரலை விட்டு முகர்கிறார். "கீழை பாறைக்குள்ளை இருந்து அமுக்கத்திலை வருது, தங்கச்சி. துளைபோட்டால் பீறிடும்." அந்தக் கம்பனியின் குசினியில் அவர் வெங்காயம் உரித்ததை இப்போது யார் நினைக்கிறார்கள்? விமலேஸ்வரியின் கணவர் தில்லைநாதன், "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி, கிணற்றோர வாழையடியில் கிளறிய மண்ணைச் செருப்பால் மெல்ல மூடுகிறார். அதைக் கண்டதும் அவளுக்கு உச்சியில் பற்றிக்கொள்கிறது. செம்பில் அள்ளி அவர் மூக்கருகே நீட்டுகிறாள்.

"பாறையிலை இருந்து வருதாம். குடியுங்கோ."

கூட்டம் சிரிக்கிறது.

"கறள் பிடிச்ச பெற்றோல் பரல், ஒழுகும், கிணத்தடியிலை புதைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? பெற்றோலை ஒளிச்சு வைச்சு என்னத்தைக் கண்டியள்? பிள்ளையளுக்கு இனி இதையோ குடுக்கிறது?"

சிரிப்பு நின்றுவிடுகிறது. முத்துலிங்கம் விரலை இடுப்புச் சாரத்தில் துடைக்கிறார். செம்பு இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. ஆனால் சனத்தின் கண் முழுவதும் வாழையடியில். பின்னால் யாரோ மண்வெட்டி எடுக்கும் சத்தம் கேட்கிறது.