கண்ணுக்குள்ளேயே நிக்கிறா

இந்தத் தடவையும் படத்தோடு ஆணியையும் பிடுங்கியிருந்தாள் மனைவி. டெய்லருக்குச் சுத்தியல் தேடப் பொறுமையில்லை. யாரையும் தொடவிடாத தன் வெட்டுக் கத்தரியின் பிடியாலேயே புது ஆணியைச் சுவரில் தட்டினார்.

"நல்லா அடிங்க. நீங்க கடைக்குப் போனதும் மறுபடி கழட்டத்தான் போறேன்" என்றாள் அவள்.

அவளுடைய அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட வேன் விபத்தில் டெய்லர் தம்பதியின் எட்டு வயது மகள் போய் நான்கு மாதம். அன்றிலிருந்து மகள் படத்தை டெய்லர் மாட்டுவதும் அவள் கழற்றுவதுமாக, சுவரே சல்லடையாகிவிட்டது.

வாசலில் டெய்லரின் பெட்டி தயாராக நின்றது. இன்றும் படத்தைக் கழற்றினால் கடையிலேயே போய்த் தங்கிவிடுவேன், இனி வீடு திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் மச்சான் லாரியைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

கூடம் முழுக்க மத்தியான வெயில். ஆனாலும் மூன்று விளக்குகள் எரிந்தன. மச்சான் ஒன்றை அணைக்கப் போக, "இருக்கட்டும்ணே" என்று தடுத்தாள்.

"ஏம்மா, பெத்த பொண்ணோட படம். அது உன்னை என்ன பண்ணுது?"

"எனக்கு எதுக்குண்ணே படம்? அவதான் கண்ணுக்குள்ளேயே நிக்கிறாளே. அது பத்தாதா?"

மச்சான் டெய்லர் பக்கம் திரும்பினார். "அவ சொல்றதும் சரிதானே மாப்ள? நீங்களாவது விட்டுக்குடுங்க. இவ்வளவு நடந்தும் நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இவருக்கென்ன நெஞ்சா, கல்லான்னு எல்லாரும் என்கிட்டதான் கேக்கறாங்க. படத்துக்கு மட்டும் இப்ப என்ன பிடிவாதம்?"

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. கண்ண மூடினா நெஜமாவே ஆளு தெரியுமா?"

"என்ன கேள்வி இது! இதோ மூடிட்டேன். என் லாரி நிக்குது. நம்பர் பிளேட்ல ஒட்டின சேறுகூடத் தெரியுது."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. வெறும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே நிக்குதுங்கறதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னுதான் நாப்பது வருஷமா நெனச்சிட்டிருந்தேன். 'பசி உசுரு போகுது'ங்கறோமே, அந்த மாதிரி. போன வாரம் கடையில பட்டனுக்குக் காஜா போடற அக்கா சொல்லித்தான் தெரியும், உங்களுக்கெல்லாம் நெஜமாவே தெரியுதாமே!"

"மாப்ள, விளையாடாதீங்க."

"புள்ள எப்படி இருந்தான்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன். தோள் பத்தரை, மார்பு இருபத்தஞ்சு, கவுன் நீளம் இருபத்தெட்டு. பை தூக்கித் தூக்கி எடது தோள் கால் இன்ச் எறக்கம். ஆனா முகம்? படத்துக்கு முதுகு காட்டினா போச்சு மச்சான். துடைச்சு விட்ட மாதிரி."

"போன்லதான் நூறு படம் இருக்கே?"

"தேடி எடுத்துப் பாக்கறது வேற. நான் நெனைக்காதப்பவும் அவளா வந்து எதிர்ல நிக்கணும். உங்களுக்கெல்லாம் வர்றாளே, அப்படி. எனக்கு அதுக்கு இந்தச் செவுரு ஒண்ணுதான் இருக்கு."

மச்சான் தங்கையைப் பார்த்தார்.

"கேட்டியா? நீ குடுத்து வெச்சவ. கண்ண மூடினா பொண்ணு வந்து நிக்கிறா. அவருக்கு அதுவும் இல்ல. போ, நீயே எடுத்து மாட்டு."

பத்து வருடம் குடும்பம் நடத்தியும் இது தெரியாமல் போனதே என்றிருந்தது அவளுக்கு. மேசையில் கிடந்த படத்தை, அதன் பக்கம் பார்க்காமலே, கையால் தடவி எடுத்து மாட்டினாள்.

டெய்லருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"உனக்கு இப்பவும் தெரியறா இல்ல? சொல்லேன், எழுதி வெச்சுக்கறேன். எந்தப் படத்துலயும் இல்லாத மாதிரி ஒண்ணு சொல்லு. சிரிக்கிறாளா?"

"ஆஸ்பத்திரியில துணிய விலக்கி, 'உங்க பொண்ணா'ன்னு கேட்டாங்க... கண்ண மூடினாலும், படத்தப் பாத்தாலும் அந்த முகம் மட்டும்தாங்க தெரியுது."