மூன்றாம் கவுண்டர்

போன மாதம்தான் அந்தத் தீவைக் கடலுக்கு அப்பாலிருந்த பெரிய நாடு தன் மாவட்டமாக அறிவித்தது. அன்றிலிருந்து அரசு அலுவலகத்தில் ஆட்சிமொழி மட்டும்தான். ஊழியர் யாராவது தீவு மொழியில் வாய் திறந்தால் வேலை போய்விடும். அதற்காகவே கப்பலேறி வந்த மொழிபெயர்ப்பாளர், மூன்றாம் கவுண்டரருகே உட்கார்ந்திருந்தார்.

இதய ஆபரேஷனுக்குப் பெரிய நாட்டுக்குப் போக அனுமதி கேட்டு ஓர் அம்மாள் வந்தாள். கவுண்டர் பெண் ஆட்சிமொழியில் ஏதோ கேட்டாள்.

"உடம்புக்கு என்னன்னு கேக்குறாங்கம்மா."

"தெரியாத மாதிரி கேக்குறா பாருங்க. நெஞ்சுல அடைப்பு. அவ வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"சட்டம்மா. நான் என்ன பண்ண? துணைக்கு யாரு வர்றாங்க?"

"யாரும் வரலை. மகளுக்கு லீவு கிடையாதாம்."

அவர் மொழிபெயர்க்கும் முன்பே கவுண்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"உறவுக்காரங்க கையெழுத்து இல்லையேம்மா. மகளைக் கூட்டிட்டு நாளைக்கு வாங்க."

"நாளைக்குன்னா கப்பல் போயிடும் தம்பி."

கவுண்டர் பெண் தாளை இழுத்தாள். மேலதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் காலி இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய், "அது உறவினர் போட வேண்டிய இடம்" என்று ஆட்சிமொழியில் சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள், ஆட்சிமொழியிலேயே.

அம்மாள் எழுந்தாள். "பெட்டி கட்டணும். சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்கு வரச் சொல்லுங்க தம்பி."

அவர் அதையும் மொழிபெயர்த்தார்.