காலியிடம்: 1

மேகமலை அடிவாரச் செக்போஸ்ட்டின் பலகையில் ‘காலியிடம்: 1’ என்று வந்தது. மலை பத்தாயிரம் பேரைத்தான் தாங்கும். ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏறலாம். கூடாரப் பையோடு மூன்று நாளாகக் காத்துக்கிடந்த சிவகாசி நிலோபர், பாய்ந்துபோய் பைக்கைக் கிளப்பினாள். காவலாளி தென்பழனி கம்பத்தைத் தூக்கக் கைவைப்பதற்குள் பலகை 0 ஆகிவிட்டது.

“என்னண்ணே இது? ஒரு ஈ காக்கா கூட உள்ள போகலையே!”

தென்பழனி பலகையையும் மலையையும் மாறிமாறிப் பார்த்தான். காலையில்தான் மனைவியை மலைமேல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். அங்கே இன்று பிரசவத்துக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

“யாரும் போகலம்மா, பொறந்திருக்கு! எம்புள்ள பொறந்திருக்கு!”

கம்பத்தைச் சுற்றி ஓர் ஆட்டமே போட்டுவிட்டான். நிலோபரும் கோபத்தை மறந்து கைதட்டினாள்.

நல்ல சேதி கேட்டவள் வாயில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட வேண்டாமா? சட்டைப்பையைத் துழாவினான், ஒன்றுமில்லை. சட்டென்று மலையின் எல்லையான மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே குதித்தான். பலகை 1 காட்டியது.

“ஏறுங்க தாயி, சீக்கிரம்!”

“அப்ப நீங்க எப்படிண்ணே வீட்டுக்குப் போவீங்க?”

“யாராச்சும் இறங்காமலா போயிருவாக? நீங்க கெளம்புங்க!”

பைக் உள்ளே பாய்ந்தது. பலகை மறுபடி 0. முதல் வளைவில் அவள் மறைவதற்குள், தென்பழனி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்:

“போற வழியிலதான் ஆஸ்பத்திரி! எம்புள்ளைய எனக்கும் சேத்துப் பாத்துட்டுப் போங்க!”