மாடி வீட்டு விருந்தாளி

வீட்டுக்காரர் மணிமாறன் மாடிப்படி ஏறினாலே, கூடவே ஏதாவது ஓர் அபராதமும் ஏறிவரும்.

“விருந்தாளி மூணு நாளைக்கு மேல தங்கினா அபராதம். தெரியும்ல?”

“ஒப்பந்தத்துல அப்படி ஒரு வரியும் இல்லண்ணே,” என்றாள் மாடியில் குடியிருக்கும் தமிழ்மதி. “ஆணி அடிச்சதுக்கு, கருவாடு வறுத்ததுக்குன்னு நீங்களாப் போட்ட அபராதத்தையெல்லாம் கட்டினேன். இனிமே கட்ட மாட்டேன்.”

“அப்ப வீட்டைக் காலி பண்ணு!”

“எழுத்துல நோட்டீஸ் குடுங்க, கோர்ட்டுல பாத்துக்குவோம். திண்டுக்கல்லுல இருக்குற அம்புட்டுப் பூட்டையும் வாங்கித் தொங்கவிட்டாலும் நான் நகர மாட்டேன்.”

மணிமாறனின் குரல் இறங்கியது. “சரிம்மா, அபராதம் வேணாம். அந்த விருந்தாளிய மட்டும் கீழ அனுப்பிவிடு.”

“இருக்குறதும் போறதும் அவுக இஷ்டம்.”

மணிமாறன் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கெஞ்சினார். “மகேசு, நாலு நாளாக் கடைப் பிரியாணிடி. வயிறு தாங்கல. உனக்குப் புருஷன் முக்கியமா, குடியிருக்குறவுக முக்கியமா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி மகேஸ்வரியின் பதில் வந்தது.

“இவகிட்ட வாங்குன அபராதத்தையெல்லாம் திருப்பிக் குடுங்க. இறங்கி வாரேன்.”

மணிமாறன் பர்ஸை எடுத்துவரக் கீழே ஓடினார்.