எல்லாவற்றிலும் முதல்

குடிவந்த நாட்டின் பள்ளி விளையாட்டு விழாவில் நெட்டையன் ஓடினான், தாண்டினான், பந்தெறிந்தான். எதிலும் அவனை நெருங்க ஆளில்லை. பரிசு மேடையில் ஏறியதும் தலை மட்டும் தொங்கிப்போனது.

"நிமிருடா! போட்டோவை மாமாவுக்கு அனுப்பணும்" என்றாள் அம்மா.

"அனுப்பாதம்மா, மானம் போயிடும்."

"முதல்னா முதல்தான்டா. உங்கப்பா ஜென்மத்துல ஒரு கப் வாங்கியிருப்பாரா? பக்கத்துல நிக்கிறவங்க தெரியாம எடுக்கிறேன், சிரி!"

அதற்குள் இரண்டாம் பரிசு வாங்கிய தமிழ்ப் பையன் நெட்டையனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணா, என்னைத் தூக்கிக்கோ. போட்டோவுல நானும் தெரியணும்."

வயது பதினாறு ஆனாலும், பாஷை வரும்வரை ஒன்றாம் வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நெட்டையன் தன் வகுப்புத் தோழனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.